கிரகணமும் வேதமும்

பாடம் ஒவ்வொன்றையும் கிறிஸ்தவ நோக்கிற் காண மாணவரைப் பழக்குதல் புதிய முயற்சியன்று. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினறி அதனையே செய்ய விழைந்தது. 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் கணித்தது பிழையென அதிபர் டானியல் பூர் முன்கூட்டியே உரைத்தார். அவர் கணிப்பே பலித்தது.

அங்கு வென்றது கணிதம். அதனை மிஷனரிமார் தம் மதத்தின் வெற்றியாகக் கொண்டமையே நாம் மறுக்கவேண்டியது. பஞ்சாங்கக்காரரும் இராகு கேது கதையை வைத்துக் கணித்தாரல்லர். அவர் கையிலிருந்ததும் கணித வாய்பாடே, சற்றுப் பழையது. புராணப் பூகோளத்தை அளந்த அதே கோலால் ஆதியாகமத்தின் ஆறு நாட் சிருஷ்டியையும் அளக்கத் துணியும் மாணவனுக்கு ஆசிரியர் என்ன விடை பகர்வார்? (பின்னெழுந்த சைவப் பாடசாலைகளும் இம்முறையையே தம் பக்கம் திருப்பிக்கொண்டன என்பதை மறத்தலாகாது.)

எனினும், ஐரோப்பிய வானியலும் அட்சரகணிதமும் தமிழ் மாணவர்க்கு அங்கே எட்டின. கற்ற அறிவு, கற்பித்தவர் வகுத்த எல்லையுள் நிற்கவில்லை. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்தார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். வேறு பலர் மதபோதனையை விடுத்து அரசாங்க உத்தியோகத்தை நாடினர். 1855இல் செமினறி மூடப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணம்.