கிரேதோ: இதயமா, கடனா?

குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாள்முதல் ஒரு சொல்விளக்கம் என்னைத் தொடர்ந்து வந்தது. விசுவாசப் பிரமாணத்தின் முதற்சொல்லான 'கிரேதோ', வடமொழியின் 'சிரத்தா', பழைய ஐரிய மொழியின் 'கிரெதிம்' ஆகிய மூன்றும் ஒரே மூலத்தில் பிறந்தவை. 'இதயத்தை வைத்தல்' என்பதே அவற்றின் ஆதிப்பொருள். இதை எத்தனையோ மறையுரைகளில் ஐயமின்றி எடுத்துரைத்திருக்கிறேன்.

பிரெஞ்சு மொழியியலறிஞர் எமில் பென்வெனிஸ்ட், இந்தோ-ஐரோப்பிய சமூக அமைப்புகளின் சொற்களை ஆராய்ந்து 1969-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலைப் படித்தபின் அத்துணிவு தளர்ந்தது. மூன்று சொற்களின் உறவை அவர் மறுக்கவில்லை, இதயத்தைத்தான் மறுக்கிறார். அப்பழங்காலத்தவர்க்கு இதயம் ஓர் உடலுறுப்பே; அதை இன்னொருவரிடம் 'வைத்தல்' என்பது அவர்கள் எண்ணத்தில் எழாத உருவகம் என்கிறார். இருக்கு வேதத்தில் மனிதன் போரிடும் தெய்வத்தின்மேல் தன் நம்பிக்கையை வைக்கிறான், கைம்மாறு எதிர்பார்க்கிறான். இலத்தீனிலோ கிரேதோ கடன் கொடுப்பதையும் குறித்தது. எனவே இச்சொல்லை அவர் பொருளாதாரப் பகுதியிலேயே வைத்து ஆராய்கிறார்.

படித்தபோது மனம் சுருங்கியது. ஆயினும், 'நேர்த்திக்கடன்' என்று நாள்தோறும் நாவாரச் சொல்லும் நாம் இதற்கு வியப்பதற்கில்லை!

ஆனால் இதயத்தை அவர் இவ்வளவு எளிதில் தள்ளியிருக்க வேண்டாம். இதயத்திற்கு இலத்தீனில் 'கொர்', கிரேக்கத்தில் 'கார்தியா'. இலத்தீன் ககரத்திற்கு ஈடாக வடமொழியில் சகரம் வருவது விதி: நூறு என்னும் எண் அங்கே 'கெந்தும்', இங்கே 'சதம்'. அவ்விதிப்படி இதயமும் சகரத்தில் தொடங்கவேண்டும். வடமொழியிலோ அது 'ஹ்ருத்'. ஈரானியக் கிளையிலும் இப்பிறழ்ச்சி உண்டு. ஆக, விதி தவறியது இதயமே, சிரத்தா அன்று. பிற்கால அறிஞர் பலர் இதயப் பொருளையே ஏற்பதில் நியாயம் இருக்கிறது.

செருமானியர் வழியோ முற்றிலும் வேறு. அவர்களின் 'கிளவுபன்', அன்புக்குரியது என்னும் 'லீப்' சொல்லோடு உறவுடையது. அங்கே இதயமுமில்லை, கடனுமில்லை. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராத நம் தமிழிலும், 'நம்பு' என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். கிரேதோவை 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லிவந்த நாம் இன்று 'நம்புகிறேன்' என்கிறோம்.

இனியும் மறையுரையில் இதயத்தைச் சொல்வேன். கடனையும் மறைக்காமல் சேர்த்தே சொல்வேன்.