வர்ணத்துக்கு அப்பால்: வளரும் மாணாக்கருக்கு ஏற்ற காஞ்சிக் கிருதிகள்

சரளி வரிசை தொடங்கி ஜண்டை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் ஈறாக உள்ள அப்பியாச கானத்துக்கு ஒரு நிர்ணயமான படிவரிசை நம்மிடம் இருக்கிறது. அதன் ஆரம்பப் படிகளை வகுத்த பெருமையைப் புரந்தரதாசருக்கு அளிப்பது வழக்கம். ஆனால் வர்ணத்தைக் கடந்து கிருதி என்னும் பெருமண்டபத்தின் வாயிலில் வந்து நிற்கும் வித்தியார்த்திக்கு எந்த உருப்படியை முதலிற் கொடுப்பது, எதை இரண்டு வருஷம் பொறுத்துக் கொடுப்பது என்பதற்கு அத்தகைய வரிசை ஏதும் கிடையாது. அது ஆசிரியருடைய விவேகத்துக்கே விடப்பட்டிருக்கிறது. அந்த விவேகம் சோர்ந்துவிடும் இடத்தில்தான் நல்ல குரல்கள் பல கெட்டுப்போகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்கேள்வியைக் காஞ்சிபுரத்தை வைத்து ஆராய்வது பொருத்தமுடையது. சியாமா சாஸ்திரிகள், தியாகராஜர், முத்துசுவாமி தீக்ஷிதர் ஆகிய மூவரும் இந்நகரத்துத் தெய்வங்களைப் பாடியிருக்கிறார்கள். அவர்கள் பாடியவற்றுள் குழந்தை பாடத்தக்கதும் உண்டு, முதிர்ந்த வித்துவானும் அஞ்சி அணுக வேண்டியதும் உண்டு. ஒரே க்ஷேத்திரத்தைப் பற்றிய சாகித்யங்களைக் கொண்டே மாணாக்கரை முதற்படியிலிருந்து நெடுந்தூரம் அழைத்துச் செல்லலாம்.

முதற்படியாக நான் கருதுவது, பலர் விளையாட்டுப் பொருளென்று ஒதுக்கிவிடும் நோட்டு ஸ்வர சாகித்யங்களை. சென்னைக்கு அருகிலுள்ள மணலியிலே வாழ்ந்த காலத்தில், கும்பினியாரின் பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மேனாட்டு மெட்டுக்களைக் கேட்ட தீக்ஷிதர், அவற்றுக்கு ஸம்ஸ்கிருத சாகித்யம் அமைத்தார். முப்பதுக்கு மேற்பட்ட அவ்வுருப்படிகளுள் ஏகாம்பரநாதர்மேல் அமைந்த 'காஞ்சீசம் ஏகாம்ரநாயகம்' ஒன்று. சங்கராபரணத்தின் ஸ்வரங்களை அசைவின்றி நேராகப் பிடித்துச் செல்லும் அந்நடை, கமகத்துக்கு முன்னால் ஸ்வரஸ்தானத்தைக் காதிலே பதியவைக்கும். சுப்பராம தீக்ஷிதர் ஆரம்ப மாணாக்கர்களுக்காக 1905-இல் வெளியிட்ட பிரதமாப்யாச புஸ்தகத்தில் நோட்டு ஸ்வரங்களுக்கும் இடம் அளித்திருப்பதை நோக்குவார்க்கு, இவற்றின் போதனா மதிப்பை அப்பெரியார் நன்கு அறிந்திருந்தார் என்பது விளங்கும்.

தீக்ஷிதர் செவிமடுத்த அந்த மேனாட்டுச் சங்கீதத்தின் சொந்த பூமியிலும் இதே கவலை இருந்தது. தியாகராஜர் சித்தியடைந்த மறு ஆண்டாகிய 1848-இல், ஜெர்மானிய சங்கீத கர்த்தராகிய ராபர்ட் ஷூமான், தம் மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்த நாளை முன்னிட்டுச் சில பியானோ உருப்படிகளை எழுதத் தொடங்கி, அவற்றை 43 உருப்படிகள் கொண்ட தொகுதியாக வளர்த்தார்; முதல் 18 சிறுவர்களுக்கு, எஞ்சியவை சற்று வளர்ந்தவர்களுக்கு என்று அவரே பிரித்தும் வைத்தார். பெரும் படைப்பாளியே குழந்தைக்கென்று அமர்ந்து எழுதும்போது எளிமையிலும் ரசம் குறைவதில்லை. அவ்வளவு வெளிப்படையாகப் படி வகுக்காத கர்த்தர்களிடம் போகும்போதுதான் தேர்வு கடினமாகிறது. 1839-இல் வெளிவந்த, ஷோபான் என்னும் கர்த்தரின் பிரெல்யூடுகள் எனப்படும் 24 சிறு பியானோ உருப்படிகளில் நான்காவதை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வலக்கை மெதுவாகச் சில ஸ்வரங்களை மட்டுமே தொடுகிறது, இடக்கையோ ஸ்வரக் கூட்டுக்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே மிக நுட்பமாகக் கீழிறங்குகிறது. விரலுக்கு அதில் பெரிய சிரமம் இல்லை; அந்தக் கூட்டுக்களை எவ்வளவு மிருதுவாக நிறுத்து வைப்பது என்பதில் காதுக்குத்தான் சிரமம் அனைத்தும்.

விரலின் சிரமம் வேறு, காதின் சிரமம் வேறு என்ற இந்தப் பாகுபாடே நம் கிருதிகளைத் தெரிவதற்கும் திறவுகோலாகும். தீக்ஷிதர் காமாக்ஷியைப் பாடிய 'நீரஜாக்ஷி' ஐந்தே ஸ்வரமுள்ள ஹிந்தோளத்தில் அமைந்தது; ஸ்வரங்கள் குறைவாக இருப்பதால் எளிது என்று எண்ணி அதை முதலிலேயே கொடுத்துவிடுவோர் உளர். ரிஷபத்தோடு பஞ்சமமும் அந்த ராகத்தில் இல்லை. தம்பூராவின் பஞ்சமத்தைப் பற்றிக்கொண்டு நிற்கப் பழகிய இளங்குரலுக்கு அங்கே ஊன்றுகோல் போய்விடுகிறது. ஆதலின் அதற்கு முன்னே, ரிஷபம் இல்லாவிடினும் பஞ்சமம் நன்கு விளங்கும் கமலாமனோஹரியில் 'கஞ்சதளாயதாக்ஷி'யைக் கற்பிப்பதையே நான் சிபாரிசு செய்வேன். காஞ்சிக் காமாக்ஷியின்மேல் தியாகராஜர் பாடிய மத்தியமாவதிக் கிருதியாகிய 'விநாயகுனி'யும் இந்நிலைக்கு உகந்தது. மத்தியமாவதியின் ஐந்து ஸ்வரங்களும் தம்பூராவோடு இழைந்து நிற்பவை. அன்றியும் தியாகராஜருடைய சங்கதிகள், முதல் வரியை எளிமையாகச் சொல்லிப் பிறகு ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக விரித்துக்கொண்டு போவதால், ஆசிரியர் பக்கத்தில் இல்லாத வேளையிலும் உருப்படியே மாணாக்கரைக் கைபிடித்து நடத்துகிறது.

இனி, இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கே காரணமான சியாமா சாஸ்திரிகளின் மூன்று ஸ்வரஜதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சியிலிருந்து பாதுகாப்புக் கருதிக் கொண்டுசெல்லப்பட்டுப் பல ஊர்களைக் கடந்து தஞ்சையிலே நிலைபெற்ற பங்காரு காமாக்ஷிக்கு அர்ச்சகராயிருந்த குடும்பத்தில், 1762-இல் பிறந்தவர் அவர். நாட்டியத்துக்கு உரியதாயிருந்த ஸ்வரஜதியிலிருந்து ஜதிச் சொற்களை நீக்கி, அதனைத் தூய கான வடிவமாக்கினார். பைரவி, யதுகுலகாம்போதி, தோடி ஆகிய மூன்றும் காமாக்ஷியை நோக்கியே பாடப்பட்டவை.

இவற்றுள் பைரவி ஸ்வரஜதியையே முதலிற் கொடுக்க வேண்டும் என்பேன். அதன் எட்டுச் சரணங்களும் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்று ஒவ்வொரு ஸ்வரமாக ஏறித் தொடங்கி, எட்டாவது சரணத்தில் மேல் ஷட்ஜத்தை அடைகின்றன. சரளி வரிசையில் குழந்தை ஏறிய அதே ஏணிதான். இப்போது ஒவ்வொரு படியும் ஓர் அறையாகத் திறந்து, அந்த ஸ்வரத்தில் நின்று பார்த்தால் பைரவி எப்படித் தோன்றுகிறது என்பதைக் காட்டுகிறது. ஏறும்போது ஒரு தைவதமும் இறங்கும்போது வேறொரு தைவதமும் வருகிற அந்த ராகத்தின் சூட்சுமத்தை வார்த்தையால் விளக்க முயலும் ஆசிரியர் களைத்துப்போவார். இந்தச் சரணங்களைப் பாடப் பாட அது தானே கைவரும். பச்சிமிரியம் ஆதியப்பையரின் 'விரிபோணி' வர்ணத்தை முன்னதாகவே கற்றிருந்தால் அடித்தளமும் பலமாயிருக்கும். மிச்ர சாபுவின் ஏழு மாத்திரைகள் விளம்பமாக நடப்பதால், கமகம் பழுக்க இடம் கிடைக்கிறது.

யதுகுலகாம்போதி அதற்கு அடுத்தது. தோடியோ, அதன் காந்தாரத்தின் அசைவு குரலில் இயல்பாகப் படியும் வரையில் காத்திருக்கட்டும்.

போட்டி ஒன்றுக்காக ஒரு சிறுமியைத் துரித காலக் கிருதி ஒன்றிலே பழக்கி அனுப்பியதை நான் கேட்க நேர்ந்தது. அவள் பரிசு பெற்றாள். ஒரு ஸ்வரமும் தவறவில்லை, ஆனால் ஒரு ஸ்வரத்திலேனும் அவள் நிற்கவும் இல்லை. அந்த வேதனை இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

ஸ்வரத்தில் நிற்பதைப் பாடுவதற்கு முன்னே கேட்டுத்தான் கற்க வேண்டும்; அதற்கு இந்நகரத்துத் தறியே உவமை. காஞ்சியின் கோர்வைப் பட்டிலே சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமைந்து, நெய்யும்போதே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. தறியில் அமர்ந்தவர் ஒருவராலேயே அது இயலாமையால், கரை நாடாவைச் செலுத்தப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். தொழில் பழகுவோர் அந்த இடத்தில் அமர்ந்தே, தாம் இன்னும் நெய்ய அறியாத முழுச் சேலையையும் கண்ணாற் கற்றார்கள். லயத்திலே கோர்வை என்ற அதே சொல்லை வேறொரு பொருளில் ஆண்ட மேதை, இந்நகரத்துக் காஞ்சீபுரம் நயினாப் பிள்ளை. 1889 முதல் 1934 வரை வாழ்ந்த அவரிடம் பிருந்தாவும் முக்தாவும் இங்கேயே வந்து பயின்றார்கள். 1919-இல் இவ்வூரிலே பிறந்த டி. கே. பட்டம்மாளோ, அவர் இங்கு நடத்திய தியாகராஜ உத்ஸவக் கச்சேரிகளைச் சிறுமியாகக் கேட்டு வளர்ந்து, பின்னாளில் தீக்ஷிதர் பரம்பரையினரான அம்பி தீக்ஷிதரிடம் கிருதிகளைப் பாடம் செய்தார்.

ஆகவே, பாடுவதற்குரியவற்றைத் தெரியும்போதே கேட்பதற்குரியவற்றையும் ஆசிரியர் தெரிந்தளிக்க வேண்டும். தீக்ஷிதரின் பஞ்சபூதத் தலக் கிருதிகளுள் பிருதிவி லிங்கத்துக்குரிய 'சிந்தய மாகந்த மூலகந்தம்' பைரவியிலேயே அமைந்தது. அதன் கனமும் நிதானமும் வளரும் குரலுக்கு எட்டாதவை. ஸ்வரஜதியின் எட்டுச் சரணங்களையும் பாடம் செய்த மாணாக்கர், ஏகாம்பரநாதர் சந்நிதியிலோ வீட்டுக் கூடத்திலோ அக்கிருதியைப் பெரியவர் ஒருவர் பாடக் கேட்கட்டும். மேல் ஷட்ஜத்தில் தாம் முடித்த அதே ராகம் அங்கே மந்தரத்தில் இறங்கி நிற்பதை அவர் காது கண்டுகொள்ளும். எப்போது அதைக் கற்றுத் தருவீர்கள் என்று அவரே வந்து கேட்கும் வரையில், ஆசிரியர் அப்பாடத்தைத் தொடங்க வேண்டியதில்லை.