பயின்றவரும் வந்தவரும்: அரங்கக் கல்வியாளர் அறிமுகக் குறிப்புகளில் வினையும் வேற்றுமையும்

ஐதராபாத்து நகரின் அமீர்பேட் பகுதி கணினிப் பயிற்சி நிலையங்களால் பெயர் பெற்றது. மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களின் முகப்புகளை மூடி நிற்கும் விளம்பரப் பலகைகளில், ஆசிரியரின் தகுதியாக முதலில் சொல்லப்படுவது பெரும்பாலும் பட்டம் அன்று. ‘ரியல் டைம்’ அனுபவமே. தொழிற்களத்தில் அவ்வேலையைச் செய்தவர் கற்பிக்கிறார் என்பதே அத்தொடரின் பொருள். மாணவரும் அதை நம்பியே கட்டணம் செலுத்துகின்றனர். அதே நகரின் மேற்கே, லிங்கம்பள்ளியை அடுத்து, சுரபி நாடகக் குடும்பங்களின் குடியிருப்பு உள்ளது. கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் ஊரில் 1885இல் வனாரச கோவிந்தராவ் ‘கீசக வதம்’ நாடகத்தை மேடையேற்றியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக நாடகமே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் இவை. கைக்குழந்தையாகவே மேடையேறிய ஒருவர் இக்குடியிருப்பிலிருந்து ஒரு பள்ளிக்கு நாடகம் கற்பிக்கச் சென்றால், அவரைப் பற்றிய வழக்கமான அறிமுகம் ‘சுரபி குடும்பத்திலிருந்து வந்தவர்’ என்பதோடு முடிந்துவிடும். அமீர்பேட்டின் பலகை கணினி ஆசிரியருக்குத் தரும் தகுதியை அரங்கக் கல்வியின் துண்டறிக்கை நாடக ஆசிரியருக்குத் தருவதில்லை.

சமுதாய அரங்கக் கல்வித் திட்டங்களில் கற்பிக்கும் கலைஞர்களின் பின்னணியைத் தெரிவிக்கும் அறிமுகக் குறிப்புகள் இன்று தனியொரு எழுத்துவகையாக வளர்ந்துள்ளன. பயிலரங்க அழைப்பிதழ், நிதி விண்ணப்பம், விழா மலர் ஆகியவற்றில் இவை இடம்பெறுகின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழாக்கப்படுவன, அல்லது ஆங்கிலக் குறிப்பின் அமைப்பை மனத்திற் கொண்டு தமிழில் எழுதப்படுவன. இவற்றின் தொடரமைப்பு, கற்றல் என்னும் செயலை ஒரு சாராருக்கு வழங்கி மற்றொரு சாராரிடமிருந்து பறிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆய்வு வசதிக்காக இவ்வகையின் மாதிரியாக இரு தொடர்களை அமைத்துக்கொள்ளலாம்.

(அ) இவர் தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். பல பள்ளிகளில் அரங்கப் பயிற்சி அளித்து வருகிறார்.

(ஆ) இவர் பாரம்பரியக் கூத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர்; பல ஊர்களில் ஆடியுள்ளார்.

முதல் தொடரில் நிறுவனம் ‘இல்’ உருபேற்று, ஒரு செயல் நிகழ்ந்த இடமாகிறது. எழுவாயாகிய மனிதர் ‘பயின்றவர்’. அதாவது முயன்று ஒன்றை ஈட்டியவர். இரண்டாம் தொடரில் குடும்பம் ‘இலிருந்து’ என்னும் உருபேற்றுப் புறப்பாட்டிடம் ஆகிறது. வினையோ ‘வா’ என்னும் இயக்க வினை. அம்மனிதர் எதையும் கற்றதாகத் தொடர் சொல்லவில்லை. வந்தார் என்று மட்டுமே சொல்கிறது. இரவு முழுதும் பாடி ஆடும் திறம், நூற்றுக்கணக்கான பாட்டுகளின் நினைவு, தாளக் கட்டு, வேடம் புனையும் கைத்திறன் ஆகிய அனைத்தும் வினையின்றிப் போகின்றன. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் பொருள்களை நம் இலக்கணிகள் வகுத்தனர். குறிப்பை எழுதுபவர் பிறப்பை ஏதுவாகக் காட்டவே கருதுகிறார் போலும். வாசகருக்குக் கிடைப்பதோ நீங்கற் பொருள்: ஊரை விட்டு நகரத்துப் பயிலரங்கிற்கு வந்து சேர்ந்த ஒருவர்.

இத்தொடரமைப்பு ‘கம்ஸ் ஃப்ரம் எ ஃபேமிலி’ என்னும் ஆங்கில மரபின் நேர்வார்ப்பு என்பது வெளிப்படை. தமிழில் ‘பரம்பரையில் வந்தவர்’, ‘இன்னார் வழிவந்தவர்’ என்னும் தொடர்கள் முன்னரே உண்டு. அவை நீங்குதலைக் குறிப்பதில்லை, தொடர்ச்சியைக் குறிக்கின்றன. ஆயினும் அவையும் கற்றலைச் சொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தகைய தொடர்கள் எவ்வளவு தவறான படத்தைத் தரக்கூடும் என்பதற்கு ப.வ. காரந்தின் வாழ்க்கை (1929–2002) நல்ல சான்று. சிறுவனாகக் குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தி முதுகலை படித்தவர். 1962இல் தேசிய நாடகப் பள்ளிப் படிப்பை முடித்தவர். டெல்லியில் ஒரு பள்ளியில் சில ஆண்டுகள் நாடக ஆசிரியராக இருந்தவர். பின்னர்த் தேசிய நாடகப் பள்ளிக்கே இயக்குநராகி, 1989இல் மைசூரில் ரங்காயணத்தைத் தொடங்கியவர். மேற்கண்ட இலக்கணப்படி இவர் கம்பெனியிலிருந்து ‘வந்தவர்’, பள்ளியில் ‘பயின்றவர்’ ஆகிறார். ஆனால் அவருடைய அரங்கின் உயிராகிய இசை கம்பெனியோடு உறவுடையது என்பதை அவர் நாடகங்களைக் கேட்டவர் எளிதில் உணர்வர். 1990களில் அவர் ஐதராபாத்திற்கு வந்து சுரபிக் கலைஞர்களுடன் பணியாற்றி நாடகங்களை உருவாக்கியபோது, கற்பித்தவர் யார், கற்றவர் யார் என்று பிரித்தல் எளிதன்று. கம்பெனி நாடகத்தில் வளர்ந்த இரு தரப்பினர் அங்குச் சந்தித்தனர். அச்சந்திப்பைத் ‘தேசிய நாடகப் பள்ளி முன்னாள் இயக்குநர் பாரம்பரியக் கலைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை; செய்திப் பிழை உண்டு.

இனிப் பெயர்களுக்கு வருவோம். கலைஞரே ஆசிரியருமாக இருப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் இரு தொடர்கள் பிற்காலத்தில் ஆக்கப்பட்டன. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பெல்கிரேடு அரங்கம் 1965இல் கல்வி அரங்கைத் தொடங்கியபின் ‘ஆக்டர்-டீச்சர்’ என்பது பரவிற்று. தேசிய நாடகப் பள்ளியின் கல்வி அரங்கக் குழுவினரும் (தொடக்கம் 1989) அப்பெயராலேயே அறியப்படுகின்றனர். அமெரிக்காவில் 1970களில் லிங்கன் மையத்தின் கல்விப் பணியையொட்டி ‘டீச்சிங் ஆர்ட்டிஸ்ட்’ என்பது வழங்கலாயிற்று. நடிப்பவர் ஒருவர், கற்பிப்பவர் வேறொருவர் என்று தொழில்கள் முன்னரே பிரிந்துவிட்ட சமூகத்தில் அவற்றை ஒட்டவைக்க இத்தகைய கூட்டுச்சொற்கள் தேவைப்பட்டன. அவற்றை நாம் ‘நடிக ஆசிரியர்’ என்றும் ‘கற்பிக்கும் கலைஞர்’ என்றும் பெயர்க்கிறோம். தமிழில் அந்த ஒட்டுப் போடுவதற்கு முன்னரே ஒட்டிய சொற்கள் இருந்தன என்பது மறக்கப்படுகிறது.

நாடகக் கம்பெனிகளில் ‘வாத்தியார்’ என்றால் நாடகத்தை எழுதிப் பாட்டமைத்து நடிப்பும் கற்பித்தவர். உபாத்தியாயர் என்பதன் மரூஉவாகிய இச்சொல் பள்ளிக்கூடத்திற்கும் நாடகக் கொட்டகைக்கும் பொதுவாக நின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த சிறுவர்களுக்கு அவரே ஆசிரியர். டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சிறுவர்களுள் அடங்குவர். ‘அண்ணாவி’ என்னும் சொல்லும் இத்தகையதே. தென்தமிழகத்தில் திண்ணைப்பள்ளி ஆசிரியரைக் குறித்த அது, ஈழத்தில் ‘அண்ணாவியார்’ எனக் கூத்துப் பயிற்றுவிப்பவரைக் குறிக்கிறது. மட்டக்களப்பில் சட்டங்கொடுத்தல் தொடங்கிச் சதங்கை அணிவித்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் நீளும் கூத்துப் பழக்கம் அவர் பொறுப்பு. ஆடவும் பாடவும் மத்தளம் அடிக்கவும் தெரிந்தவரே அண்ணாவியார் ஆகலாம் என்பதால், கலைஞர்-ஆசிரியர் என்னும் இருமை அச்சொல்லில் எழுவதேயில்லை.

இன்றைய திட்ட மொழியில் இவர்கள் வேறு பெயர் பெறுகின்றனர். ‘ரிசோர்ஸ் பர்சன்’ என்பதை இலங்கையில் ‘வளவாளர்’ என்பர். தமிழகத்தில், சிறப்பாக ஆசிரியர் பயிற்சிகளில், ‘கருத்தாளர்’ என்பர். இரண்டும் செவிக்கு இனிய ஆக்கங்களே. ஆயினும் இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வளவாளர் என்பவர் வளம் உடையவர். அதை எடுத்துக்கொள்ள வேறொருவர் வருவார். கருத்தாளர் என்பவர் கருத்துரைப்பவர். மத்தளம் அடித்துக்காட்டும் கூத்தாசிரியரை அப்பெயரால் அழைப்பதில் மெல்லிய நகைச்சுவை இருக்கிறது. பாடத்திட்டம் பிறர் கையில் இருக்க, ஒரு மணி நேரச் ‘செய்து காட்டலுக்கு’ மட்டும் கூத்தாசிரியர் அழைக்கப்படும் நடைமுறையோடு இப்பெயர்கள் நன்றாகப் பொருந்துகின்றன என்பதே என் குறை.

ஈழத்து வரலாறு இதற்கு ஒரு மாற்றையும் காட்டுகிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது, ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். மாணவராக அவற்றில் ஆடிய சி. மௌனகுரு பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய ஆய்வைத் தந்தார். இத்தலைமுறையைப் பற்றிய குறிப்பில் ‘பேராதனையில் பயின்றவர்’ என்றுதான் எழுதுவோம். உண்மையே. ஆனால் அந்த ‘இல்’ உருபு, பல்கலைக்கழக எல்லைக்குள் அண்ணாவியார் ஒருவரிடம் கற்றதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. 1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்திய நாடகமும் அரங்கியலும் டிப்ளோமாவில் பயின்ற தமிழர் பலரும் பள்ளி ஆசிரியர்களே. அவர்களுள் ஒருவரான குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025) 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்தார். சிறுவர் நாடகங்களும் ‘மண் சுமந்த மேனியர்’ (1985) போன்ற போர்க்கால நாடகங்களும் எழுதிய அவரை ஆசிரியர் என்பதா, நாடகர் என்பதா என்னும் வினா யாழ்ப்பாணத்தாருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. தமிழகத்தில் இதற்கு இணை சே. இராமானுஜம் (1935–2016). காந்திகிராமத்தில் ஆசிரியப் பணி, தேசிய நாடகப் பள்ளி, மீண்டும் 1977இல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை, பின் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று செல்லும் அவர் பாதையில் கற்பித்தல் இடையில் வந்த பணி அன்று, முதலில் இருந்தது.

‘வந்தவர்’ என்னும் வாய்பாடு முற்றிலும் முறிந்துபோகும் இடம் ஒன்று உண்டு. பெ. ராஜகோபால் பத்து வயதளவில் பள்ளியை விட்டுக் கூத்தில் நுழைந்தவர். கூத்தர்கள் இணைந்து 1990இல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கத்தில் முன்னின்ற அவரும், இக்கலையை ஆராய்ந்த நெதர்லாந்து அறிஞர் ஹன்னா டி புரூயினும் காஞ்சிபுரத்தை அடுத்து 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினர். 2020 வரை நடந்த அவ்வுறைவிடப் பள்ளியில் கூத்தும் பொதுக்கல்வியும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன, பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். கலையின் பெயரிலேயே அவர்கள் நிலைப்பாடு தெரிந்தது. ஆய்வுலகம் ‘தெருக்கூத்து’ என்று எழுதிக்கொண்டிருக்க, மரத்தாலான அணிகலன்களைக் குறிக்கும் ‘கட்டை’யை முன்னிறுத்திய பெயரையே அவர்கள் வற்புறுத்தினர். ஆடுபவனின் தொழிற்கருவியைப் பெயராகக் கொள்வதற்கும் ஆடும் இடத்தைப் பெயராகக் கொள்வதற்கும் உள்ள வேற்றுமை, நாம் மேலே கண்ட வேற்றுமைக்கு நெருங்கிய உறவுடையது. ஆண்களே ஆடிவந்த கலையை அங்குக் கற்ற பெண் ஒருத்தி நாளை வேறொரு பள்ளியில் கூத்துக் கற்பிக்கச் சென்றால், அவள் ‘கூத்தாடும் பரம்பரையில் வந்தவள்’ என்று எழுத முடியாது. கூத்தர் வீட்டுப் பெண்ணாயினும் அப்பரம்பரை அவளை ஆடவிட்டதில்லை. அவள் கற்றாள் என்றுதான் எழுத வேண்டும். அப்படியானால் அவளுக்குக் கற்பித்தவரும் கற்றவரே.

இதற்கு மறுப்பு உண்டு. பரம்பரைக் கலைஞர்களே தம்மை ‘நாலு தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்வர். அதை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு என்ன உரிமை என்பர். நேர்மையான கேள்வி. அப்பெருமையை நீக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. தம் வாயால் அதைச் சொல்பவர் அதனோடு அப்பனிடம் வாங்கிய அடியையும் மனப்பாடம் செய்த இரவுகளையும் சேர்த்தே சொல்கிறார். குறிப்பை எழுதுபவர் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். தவிரவும், ‘பாரம்பரியக் குடும்பம்’ என்னும் தொடர் எல்லா நிலத்திற்கும் பொருந்தாது. மட்டக்களப்பில் உழவர் முதலிய ஊர்மக்களே கூத்தாடுகின்றனர்; ஆட்டம் ஒரு குடும்பத்தின் தனித்தொழிலன்று. தமிழக வாய்பாட்டை அப்படியே அங்குக் கொண்டுசென்றால் இல்லாத குலத்தொழில் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் உண்டாக்கியவர் ஆவார்.

தீர்வுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இசைக் கச்சேரி அழைப்பிதழ்களைப் பார்த்தால் போதும். அங்கு ‘இன்னாரிடம் பயின்றார்’ என்பது தவறாது இடம்பெறுகிறது. ‘இடம்’ என்னும் உருபு கற்றலைக் கட்டடத்திலிருந்து எடுத்து ஒரு மனிதர் முன் வைக்கிறது. பட்டம் பெற்றவருக்கும் பரம்பரையினருக்கும் இது ஒருங்கே பொருந்தும். மேற்கண்ட (ஆ) தொடரை, ‘இவர் தம் தந்தையாரிடம் பாட்டும் அடவும் பயின்றார், பின்பாட்டில் நின்று பின் வேடம் ஏற்றார், இத்தனை ஆண்டுகளாகப் பழக்கி வருகிறார்’ என்று எழுதலாம். இதற்கு எழுதுபவர் அக்கலைஞரிடம் நான்கு கேள்விகள் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும். (அ) தொடரையும் அவ்வாறே திருத்த வேண்டும். பெரிய நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் எந்த ஆசிரியரிடம், எதை, எவ்வளவு காலம் என்பவை மறைந்துகிடக்கின்றன.

இது நடைநயம் பற்றிய பூசல் அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வகுத்த நெறிமுறைகளின்படி, துறையனுபவம் மிக்கவர்களை முறையான பட்டமின்றியும் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்னும் நிலையில் அமர்த்த இயலும். கலைஞர்களுக்கும் இதில் இடமுண்டு. அத்தகைய விண்ணப்பத்தில் பட்டத்தின் இடத்தில் நிற்கப்போவது இந்த அறிமுகக் குறிப்பே. தேர்வுக் குழுவினருள் கூத்தை ஒருமுறையும் இரவு முழுதும் இருந்து பாராதவர் இருக்கலாம். அவர் படிப்பது ஆங்கில வடிவமாகவும் இருக்கலாம். அங்கு ‘அண்ணாவியார்’ என்பதைச் சாய்வெழுத்தில் அப்படியே விட்டால் அது ஒரு பட்டப்பெயராகத் தோன்றும்; ‘டிரெடிஷனல் ஆர்ட்டிஸ்ட்’ என்றால் ஆசிரியர் மறைவார்; ‘டீச்சர்’ என்றால் மத்தளம் மறையும். நான் இப்போதைக்குச் சொல்லை மூலத்திலேயே விட்டு, அடுத்த தொடரில் அவர் யாருக்கு எத்தனை கூத்துகளைப் பழக்கி அரங்கேற்றினார் என்பதை வினையாக எழுதிவருகிறேன். விண்ணப்பப் படிவங்களில் அதற்கென ஒதுக்கப்படும் கட்டம் பெரும்பாலும் இரண்டு வரிகளுக்கு மேல் இடங்கொடுப்பதில்லை.