படுக்கையோடு முடியாத சிகிச்சை

குடியை விடவேண்டும் என்று ஒருவர் நினைத்தாலும், அவருக்காக வீட்டார் நினைத்தாலும், தமிழ்நாட்டில் உடனே நினைவுக்கு வரும் வழி ஒன்றுதான்: மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பது. முப்பது நாளோ தொண்ணூறு நாளோ உள்ளே இருந்துவிட்டு, முகம் தெளிந்து, பசி திரும்பி அவர் வெளியே வருகிறார். கட்டணத்துக்கு வாங்கிய கடன் வீட்டில் இருக்கிறது. தெருமுனையில் கடையும் திறந்தே இருக்கிறது. அந்த நாளிலிருந்து அடுத்த ஓராண்டுக்கு அவருக்கு யார் துணை என்ற கேள்விக்கு நம் சிகிச்சை முறையிடம் பதில் மிகக் குறைவு. சேர்த்துச் சிகிச்சை தரும் முறையை எடைபோடுவதென்றால் அந்த ஓராண்டை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

தேவை எவ்வளவு பெரியது என்பது எல்லோரும் அறிந்ததே. 2019-இல் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கிறார் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் நாலாயிரத்து எண்ணூறுக்கு மேல் இருந்தன. 2023-24-இல் அரசுக்கு அவற்றின் வழியே வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

சேர்க்கும் முறைக்கு ஆதரவாகச் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டு தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், இடம் காலம் புரியாது. தயமின் ஊசியும் டயஸெபாம் போன்ற மருந்தும், நாடி பார்க்க ஓர் ஆளும் இருந்தால் பெரும்பாலோர் இதைக் கடந்துவிடுவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு கடைகள் ஒரே நாளில் அடைக்கப்பட்டபோது இந்த ஏற்பாடு எவருக்கும் தயாராக இல்லை. சவர லோஷனையோ வார்னிஷையோ கலந்து குடித்து இறந்தவர்களின் செய்திகள் அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்தன. மே மாதம் கடைகளைத் திறப்பதா மூடுவதா என்று நீதிமன்றங்களில் நடந்த வழக்கை நாடே பார்த்தது. நிறுத்த முடியாமல் தவித்தவர்களுக்குச் சிகிச்சை எங்கே என்ற பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

முதல் ஏழு பத்து நாளுக்குப் படுக்கை தேவை, மறுப்பதற்கில்லை. அந்தப் பத்து நாளின் தேவையைக் காரணமாக வைத்துப் பல தனியார் மையங்கள் மாதக்கணக்கில் ஆளை அடைத்து வைப்பதுதான் தவறு. நடு இரவில் வண்டியோடு வந்து நாலு பேர் தூக்கிப்போவது, செல்பேசியைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டாரைப் பார்க்க விடாதது, அடிப்பது. அனுமதியில்லாத மையங்களில் உயிர்கள் போன பிறகு காவல்துறை போய்ப் பூட்டுப் போடுவதை நாளிதழ்களில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்க்க மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு வல்லுநரும் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். அப்போதும் முதல் வரம்பு 30 நாள்தான். சங்கிலியால் கட்டுவது எந்த நிலையிலும் குற்றம். கணவனை அங்கே அனுப்பும் பெண்ணிடம் இந்த உரிமைகளை யாரும் சொல்வதில்லை. அவள் கொடுமைக்காரி அல்ல. அடி வாங்கி, தாலியை அடகு வைத்து, வேறு வழி தெரியாமல் வந்து நிற்பவள். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்னும் விளம்பரத்துக்கும் அவள்தான் இலக்கு. டைசல்பிராம் போன்ற மருந்தை ஒருவர் அறியாமல் உட்கொண்டு, அதன் மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும்.

ஆளை அடைத்து வைப்பதற்கு நேர் எதிரான முறை ஒன்று இதே தமிழ்நாட்டில், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், 1980-களின் கடைசியில் தொடங்கியது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நகரத்து மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்தாருக்காக முகாமை ஊருக்கே கொண்டுபோனது. உள்ளூர் அமைப்பு இடமும் சாப்பாடும் தந்தது. ஆட்களைத் தேர்ந்து முன்கூட்டியே பேசி, ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கேயே தங்கவைத்து, மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். மனைவியரும் பெற்றோரும் வந்து உட்கார்ந்தார்கள். முகாம் முடிந்த பிறகு மாதாமாதம் அதே ஊருக்கு மறுபடி போனார்கள். இந்த அனுபவம் மருத்துவ இதழில் கட்டுரையாகவும் வந்து, வெளிநாட்டிலும் பேசப்பட்டது.

மஞ்சக்குடியின் பலம் செலவுக் குறைவில் மட்டும் இல்லை. குடிநோய் ஊருக்குள் ஒளிக்கவேண்டிய அவமானமாக இல்லாமல், பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய நோயாக மாறியது. முகாமுக்குப் போய் வந்தவர் யாரென்று ஊருக்கே தெரியும். சாயங்காலம் பழைய கூட்டாளி கூப்பிட்டால் தடுக்கவும் நாலு பேர் இருப்பார்கள். சென்னையில் நாலு சுவருக்குள் ஒருவர் விட்ட குடியை ஊரில் விடுவது வேறு சங்கதி. முகாமில் அவர் விடுவதே ஊருக்குள்தான்.

ஆனாலும் அதை அப்படியே போற்றிவிட முடியாது. விருப்பத்தோடு வருபவர்களையே முகாம் தேர்ந்தெடுக்கிறது. கல்லீரல் கெட்டவரும் தீவிர மனநோய் உள்ளவரும் அங்கே தாங்கமாட்டார்கள். பெண்களின் குடிக்கு அதில் இடம் மிகக் குறைவு. எல்லோருக்கும் தெரிந்த ஊரில் முகம் காட்ட அவர்களால் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது நின்றது ஓர் அறக்கட்டளையின் அர்ப்பணிப்பின் மேல். நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் அரசு அதை எடுத்துச் சென்றிருக்கலாம். எடுத்துச் செல்லவில்லை. இது முகாமின் குறையா, அரசின் குறையா என்று கேட்டால், இரண்டாவதே என்பேன்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. வரவேற்க வேண்டிய செயல். அடிக்கவோ கட்டணம் கேட்கவோ இடமில்லாத, மருத்துவர் இருக்கும் ஓர் இடம் ஏழைக்குக் கிடைக்கிறது. ஆனால் மாவட்டத் தலைநகருக்கு ஒரு நாள் போய்வரக் கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை இழக்கவேண்டும். இரண்டாம் மாதமே வருவதை நிறுத்திவிடுவார். நிறுத்தியவரைத் தேடிப்போக ஆள் இருக்கவேண்டும்.

இளைஞர்களின் போதை வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னை முதல் சிற்றூர் வரை பரவியிருப்பதைக் காவல்துறையின் பறிமுதல்களே காட்டுகின்றன. இது அபினிவகைப் போதை. குடிக்கான பத்து நாள் சிகிச்சை இதற்குப் போதாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்து தரவேண்டும். பஞ்சாப் 2017-லிருந்தே இதற்கென்று வெளிநோயாளிக் கிளினிக்குகளை நடத்துகிறது; அவை பெருகி நூற்றுக்கணக்கில் ஆகியிருக்கின்றன. மருந்து வெளியே கசிகிறது, முடிவில்லாமல் நீள்கிறது என்று அங்கே எழும் புகார்களில் உண்மை உண்டு. இருந்தும் அங்கே இளைஞன் கட்டிலில் அடைபடாமல், வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து வாங்குகிறான். நம்முடைய ஏற்பாடு இன்னும் குடிநோயாளியை மட்டுமே மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான மாற்று மருந்து பெரும்பாலும் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் வழியே, மிகச் சில இடங்களில் மட்டும் கிடைக்கிறது.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே தருகிறது. அந்த நோய்கள் ஒரு மாதத்தில் குணமாகிவிடும் என்று எவரும் நினைப்பதில்லை. குடிநோயும் அப்படித்தான் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் மறுபடி குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டதென்று பொருளில்லை, மருந்தின் அளவையோ ஆலோசனையையோ மாற்றவேண்டும் என்றுதான் பொருள். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோனும் அகம்ப்ரோசேட்டும் வெளிநோயாளியாகவே எடுக்கக்கூடிய மருந்துகள். அந்தத் திட்டத்துக்காக வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் தன்னார்வலரின் பையில் இவையும் இருக்கலாம். மையத்திலிருந்து வந்தவர் வீட்டில் இருக்கிறாரா, மனைவி எப்படி இருக்கிறாள் என்று மாதம் ஒருமுறை கேட்க அவருக்குப் பயிற்சி தரலாம். அதற்குரிய சம்பளத்தையும் கூட்டித் தரவேண்டும்.

கலங்கரையின் ஒவ்வொரு மையமும் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற கணக்கை மட்டும் வெளியிட்டால் போதாது. ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேரோடு இன்னும் தொடர்பு இருக்கிறது, எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படவேண்டும், டாஸ்மாக் வருவாய் வைக்கப்படும் அதே மானியக் கோரிக்கையின்போது.