சுறாவின் மேல் பழி

கதை எழுதுகிறவன் தான் எழுதியதைப் பற்றிப் பிற்பாடு வருந்துவதுண்டு. பெரும்பாலும் நடை சரியாக அமையவில்லையே என்றுதான் வருந்துவான். ஒரு பிராணியின் குலத்துக்கே தீங்கு செய்துவிட்டோமோ என்று வருந்தியவர் பீட்டர் பெஞ்ச்லி. 1974-ல் வெளிவந்த அவருடைய 'ஜாஸ்' நாவலைச் சமீபத்தில் மறுபடியும் படித்தேன்.

அமெரிக்காவில் லாங் தீவின் கிழக்குக் கோடியில் மோன்டாக் என்று ஓர் ஊர். அங்கே பிராங்க் மண்டஸ் என்பவர், பணம் கொடுத்து வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு சுறா வேட்டைக்குப் போவார். 1964-ல் அவர் ஈட்டி எறிந்து கொன்ற வெள்ளைச் சுறா 4,500 ராத்தல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்தச் செய்திதான் நாவலுக்கு வித்து.

முதல் பக்கங்கள் நேர்த்தியானவை. இருட்டில் சுறா நீந்துகிறது; நீரின் அசைவை உணர்ந்து அதை நாடிப் போகிறது. அதற்குப் பகையும் இல்லை, வஞ்சமும் இல்லை. ஆனால் கடைசிப் பகுதியில் அதே மீன் படகை விடாமல் தாக்குகிறது. பிராணியாகத் தொடங்கியது எதிரியாக முடிகிறது. ஈட்டிக் கயிற்றில் கால் சிக்கிக் குவின்ட் மூழ்கும்போது மெல்வில்லின் ஆஹாப் நினைவுக்கு வருகிறான். ஆனால் ஆஹாபின் கதையில் பகை மனிதனுடைய நெஞ்சில் இருந்தது. பெஞ்ச்லி அதை மீனின் தலையில் ஏற்றிவிட்டார்.

இத்தனைக்கும் உண்மை அவர் கண்ணில் படாமல் இல்லை. குவின்ட் ஒரு நீலச் சுறாவின் வயிற்றைக் கீறித் தண்ணீரில் விடுகிறான். அது தன் குடலையே தின்கிறது. நாவலில் மிகப் பயங்கரமான பக்கம் அதுதான். அங்கே கொடுமை செய்வது மீன் அல்ல. ஆசிரியர் அதைக் குவின்டின் குணத்துக்கு ஒரு வர்ணமாகத் தீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த இடத்தில் சற்று நின்றிருந்தால் நமக்கு வேறொரு நாவல் கிடைத்திருக்கும்.

1975-ல் சினிமா வந்து பயத்தை உலகெங்கும் பரப்பியது. பெஞ்ச்லியோ, 2006-ல் இறக்கும்வரை சுறாக்களுக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். மண்டஸ்கூடப் பிற்காலத்தில், பிடித்த சுறாவுக்கு அடையாளம் கட்டி விட்டுவிடச் சொன்னார். அமெரிக்க அட்லாண்டிக் கடலில் 1997 முதல் வெள்ளைச் சுறாவைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை இருக்கிறது.

கதையின் சௌகரியத்துக்காக நானும் சிலரைக் கெட்டவர்களாக்கியிருக்கிறேன். சுறாவுக்காகப் பேசப் பெஞ்ச்லிக்கு ஆயுள் இருந்தது. நான் பழி சுமத்தியவர்களுக்காக யாரிடம் போய்ப் பேசுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.