படுகளம் இல்லாத முடிவு

விஜய் தொலைக்காட்சியின் 'பாரதி கண்ணம்மா' 2019 பிப்ரவரியில் தொடங்கி 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் முடிந்தது. நான்கு வருடம், ஆயிரம் எபிசோடுக்கு மேல். கடைசியில், பிரிந்து கிடந்த கணவன் பாரதியும் மனைவி கண்ணம்மாவும் சேர்ந்தார்கள். இரட்டைப் பெண்கள் லட்சுமிக்கும் ஹேமாவுக்கும் அப்பா, அம்மா இருவரும் ஒரே வீட்டில் கிடைத்தார்கள். அடுத்ததாக பிப்ரவரி 6, திங்கட்கிழமை, அதே பெயரில் இரண்டாம் சீசன் என்று வேறொரு கதை வந்து உட்கார்ந்துவிட்டது.

இதை மருத்துவத் தொடர் என்றால் சிலர் சிரிக்கலாம். மாமியார், மருமகள், வில்லி, சந்தேகப்படும் கணவன் என்று குடும்பத் தொடருக்கு வேண்டிய சகலமும் இதில் உண்டு. ஆனால் கதையின் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். நாயகன் பாரதி டாக்டர், வில்லி வெண்பாவும் டாக்டர். அவனுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று அவள் நம்பவைத்த ஒரு பொய் ரிப்போர்ட்தான் கதையின் விதை. அதை அழிக்கக்கூடிய மருந்து டிஎன்ஏ பரிசோதனை. நடுவில் ஆஸ்பத்திரியையே தீவிரவாதிகள் பிடித்துவைத்துக்கொண்ட கட்டம்கூட வந்துபோனது. ரிப்போர்ட்டை எடுத்துவிட்டால் கதையே இல்லை. ஆகவே இதன் முடிவை டாக்டர் கதையின் முடிவாகவும் எடைபோடத்தான் வேண்டும்.

முடிவு என்றால் என்ன என்பதில் எங்கள் தருமபுரிப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. இங்கே மகாபாரதக் கூத்து நாள்கணக்கில் நடக்கும். இரவெல்லாம் கூத்து, பகலில் பாரதச் சொற்பொழிவு. கடைசியில் துரியோதனன் படுகளம். கோயில் திடலில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தொடையில் அடி விழும். சபையில் அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி அன்றுதான் முடிவாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து புலம்புவாள். தோற்றவன் வீட்டுப் பெண்ணுக்கும் அங்கே பேச இடம் உண்டு. எத்தனை இரவு தூக்கம் கெட்டாலும் விடிகாலையில் ஊரே வந்து திடலில் நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். சூதாட்டத்தன்று சபையில் நடந்த அநியாயத்துக்குச் சபை அறியப் பதில் கிடைக்கும். யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

அந்தக் கண்ணோடு 'பாரதி கண்ணம்மா'வின் கடைசி வாரங்களைப் பார்த்தால் குறை பளிச்சென்று தெரிகிறது. டிஎன்ஏ முடிவு வருகிறது, இரண்டு பெண்களும் தன் பிள்ளைகள்தான் என்று பாரதிக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு கதை முழுக்கக் கணவனின் கெஞ்சலும் மனைவியின் வைராக்கியமும்தான். இருவரையும் சேர்த்துவைக்கும் வேலையில் எழுத்தாளர்கள் மும்முரமாகிவிட்டார்கள். பாரதி புருஷனாக அழுதான், அப்பனாக அழுதான். ஒரு டாக்டராக அவன் எந்தக் கேள்விக்கும் முகம் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்விகள் சின்னவை அல்ல. குழந்தையின்மைக்காக டாக்டரிடம் போகும் எந்த ஆணிடமும் ஒரே ஒரு விந்துப் பரிசோதனையை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். சில வாரம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். காய்ச்சல் வந்து போனாலே எண்ணிக்கை குறையும், பிறகு ஏறும். பக்கத்துத் தெரு லேபில் அரை நாளில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் இது. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் ஒருவன், தன் விஷயத்தில் தோழி வெண்பா நீட்டிய தாளை வேதவாக்காக வைத்துக்கொண்டு நிறைமாதக்காரியை வீட்டை விட்டுப் போகவிட்டான். மனிதன் ஆத்திரத்தில் புத்தி இழப்பான் என்று ஒரு மாதத்துக்குச் சமாதானம் சொல்லலாம். வருடக்கணக்கில் ஒரு டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை என்றால், அது பாத்திரத்தின் குறையா, எழுத்தின் குறையா? எழுத்தின் குறை என்றே நான் சொல்வேன்.

தருமபுரியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இது வெறும் கதை ஓட்டையாகத் தெரியாது. அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் வந்த பிறகு சித்தேரி மலையிலிருந்தும் பென்னாகரம் பக்கமிருந்தும் சனங்கள் அங்கே வந்து குவிகிறார்கள். ஓ.பி. சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், இரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மஞ்சள் பைக்குள் வைத்திருப்பார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரும்பாலோர் படித்திருக்க மாட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் அது புரியாது. டாக்டர் வாயால் சொன்னதுதான் ரிப்போர்ட். இதே மாவட்டத்தில்தான் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொன்ன கும்பல்கள் இந்தச் சில வருடங்களில் அடுத்தடுத்துப் பிடிபட்டன. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்வதைக் குற்றம் என்கிறது. மருத்துவத் தாள் ஒன்று தப்பான கையில் சிக்கினால் ஒரு பெண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் என்ன நேரும் என்பது இங்கே செய்தித்தாளில் வரும் சங்கதி. அந்தக் கதையைத்தான் இந்தத் தொடர் கையில் வைத்திருந்தது. வைத்திருந்ததைத் தெரியாமலே கீழே போட்டுவிட்டது.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். குழந்தை இல்லையென்றால் முதலில் மருமகளைக் கோயில் கோயிலாகச் சுற்றவைப்பதும், பிறகு அவளை மட்டும் டாக்டரிடம் கூட்டிப்போவதும் வழக்கமாக இருக்கும் நாட்டில், தன்னிடம் குறை என்று நம்பும் ஒரு ஆணை நாயகனாக வைத்துத் தினமும் முதன்மை நேரத்தில் ஒளிபரப்பியது லேசான காரியம் அல்ல. அவன் மலடு என்பது பொய்தான். ஆனாலும் ஆணுக்கும் அப்படி ஒரு ரிப்போர்ட் வரலாம் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. கறுப்பு நிறத்துக்காக இடிபடும் கண்ணம்மா, துரத்தப்பட்ட பிறகு யார் தயவும் இல்லாமல் தன் காலில் நின்றதும் அப்படித்தான். ரோஷினி ஹரிப்பிரியனுக்குப் பிறகு 2021இல் வினுஷா தேவி வந்தபோதும் பார்வையாளர்கள் கண்ணம்மாவை விட்டுவிடவில்லை என்றால், அவர்கள் நேசித்தது அந்தப் பாத்திரத்தின் முதுகுநிமிர்வைத்தான். பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்த நடையை நாடே கேலி செய்தது. செய்தவர்களில் பாதிப் பேர் மறுநாளும் உட்கார்ந்து பார்த்தவர்கள்.

முடிவு தெரியாமல் இருந்ததும் இல்லை. மூலக் கதை மலையாளத்தில் 2014இல் ஏசியாநெட்டில் தொடங்கிய 'கறுத்தமுத்து'. தெலுங்கில் அது 'கார்த்திக தீபம்'. அதன் நாயகன் டாக்டர் பாபு என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் வீடுகளும் கன்னடம் பேசும் வீடுகளும் நிறைய. ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்பது ரகசியமாகவே இருக்கவில்லை. தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பதில் குறை ஒன்றுமில்லை, கூத்தும் அப்படித்தான். தெரிந்த முடிவை எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த மண்ணிலேயே மருத்துவ விஷயத்தை நாடகமாக்கிக் காட்டிய அனுபவமும் உண்டு. 1990களின் கடைசியில், பெண் சிசுக்கொலைக்கு எதிராக டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், கலைக்குழுக்கள் தருமபுரி மாவட்டத்தின் கிராமங்களுக்குத் தெருநாடகம் கொண்டுபோயின. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் அதை ஆய்வாகவே எழுதியிருக்கிறார்கள். 2001 கணக்கெடுப்பில் இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர், 2011இல் 913. அந்த ஏற்றத்தை நாடகத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. தொட்டில் குழந்தைத் திட்டம், கிராமச் செவிலியர்கள், மகளிர் குழுக்கள் என்று பல கைகள் சேர்ந்து தூக்கிய பாரம் அது. ஆனாலும் தெருநாடகம் முடிந்ததும் நடிகரும் பார்த்தவரும் அதே தெருவில் எதிரெதிரே நின்றார்கள், பேசினார்கள். தொலைக்காட்சிக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் அதன் கடைசி எபிசோடுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல்.

வெளிநாட்டு மருத்துவத் தொடர்கள் எல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 'ஈஆர்', 'சிகாகோ ஹோப்' உள்ளிட்ட அமெரிக்கத் தொடர்களில் இதயம் நின்று நெஞ்சை அழுத்திக் காப்பாற்ற முயலும் காட்சிகளை எண்ணினார்கள். முக்கால்வாசிப் பேர் அந்த இடத்திலேயே பிழைத்துவிட்டார்கள். நிஜ ஆஸ்பத்திரிகளில் நிலவரம் அதைவிட எவ்வளவோ மோசம். பொய் அங்கேயும் விலைபோனது. ஆனால் முடிவு என்று வரும்போது அவர்களிடம் ஒரு நிதானம் இருந்தது. 1983 பிப்ரவரி 28 அன்று முடிந்த 'மாஷ்', போர்க்கள ஆஸ்பத்திரி டாக்டர்களின் கதை. கடைசிப் பாகத்தில் அதன் நாயகன் மனம் சிதைந்து மனநோய் விடுதியில் கிடக்கிறான். தன் கண்ணெதிரே நடந்த ஒரு சாவை அவன் ஞாபகம் மாற்றி எழுதிவைத்திருக்கிறது. டாக்டர் என்ற முறையில் அவன் பட்ட காயம்தான் முடிவாகிறது. பதினைந்து சீசன் ஓடி 2009 ஏப்ரலில் முடிந்த 'ஈஆர்' யாருக்கும் மாலை மாற்றிவைக்கவில்லை. ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வருகின்றன, டாக்டர்கள் ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

முடிவை விமர்சிக்கும் நம் வழக்கத்திலும் கோளாறு இருக்கிறது. தொடர் முடிந்த வாரம் வந்த எழுத்துகளில் பெரும்பகுதி கதைச் சுருக்கம், நடிகர்களின் பிரியாவிடை, 'ஒருவழியா முடிச்சிட்டாங்கப்பா' என்ற பெருமூச்சு. தினத்தொடரை விமர்சனத்துக்குத் தகுதியில்லாத பண்டமாக நினைப்பதால் வரும் சோம்பல் இது. மீம் போட்டவர்கள் பரவாயில்லை, அவர்களாவது கூர்ந்து பார்த்தார்கள். 'ஒரே ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா சீரியலே முடிஞ்சிடும்டா' என்று அவர்கள் வருடக்கணக்கில் கத்தியது, ஊடக விமர்சகர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

அந்தக் கத்தலுக்குள்ளும் ஒரு முள் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. தொடர் முடிந்த அதே மாதம் 20ஆம் தேதி, அபர்ணா பிரோடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவன் மனைவி சண்டையில், மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையை டிஎன்ஏ பரிசோதனைக்கு இழுக்கும் வழக்கத்தை அது ஏற்கவில்லை. திருமண உறவு நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை சட்டத்தின் கண்ணில் கணவனின் குழந்தைதான். குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு, மிகவும் அவசியமான வழக்கில் மட்டுமே அந்தப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம் என்றது தீர்ப்பு. தமிழ்நாட்டு வீடுகளில் வருடக்கணக்கில் நாம் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? அந்தப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் சோதனையில் தேறிக் காட்ட வேண்டும் என்றுதானே? பொய் ரிப்போர்ட்டை நம்பிய டாக்டரைத் திரும்பச் சோதித்துக்கொள்ளச் சொல்ல நமக்கும் தோன்றவில்லை. எழுத்தாளர்களுக்கும் தோன்றவில்லை. தொடரும் பார்வையாளர்களும் சேர்ந்து வழுக்கிய இடம் அது. கண்ணம்மாவைச் சோதனையில் வென்று காட்டவேண்டிய நிலையில் வைத்ததால்தான், சோதனை முடிவு வந்ததுமே கதைக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று.

பாஞ்சாலி சபையைக் கேள்வி கேட்டாள். கண்ணம்மா கணவனை மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரி என்ற சபையும் அந்த லேபும் அந்தக் கையெழுத்தும் கேள்விக்கு வெளியே பத்திரமாக இருந்துவிட்டன.

தமிழில் நிஜமான ஆஸ்பத்திரிக் கதைக்கு ஆளில்லை என்பதும் சரியில்லை. 2014இல் ஜீ தமிழில் அமலா நடித்த 'உயிர்மெய்' வந்தது. 2024இல் ஹாட்ஸ்டாரில் வந்த 'ஹார்ட் பீட்' முதல் சீசனில் நூறு எபிசோடு ஓடி, பயிற்சி டாக்டர்களின் வார்டு வாழ்க்கையை ஓரளவு மரியாதையாகக் காட்டியது. அங்கேயும் கதையின் இதயம் பிரசவித்ததும் கைவிட்ட தாயும் மகளும்தான். வார்டு பின்னணி, குடும்பம் முன்னணி. குடும்பத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை; அதைத் தள்ளிவைத்தால் தமிழ்த் தொடர் இல்லை.

குடும்பக் கதையாக 'பாரதி கண்ணம்மா'வின் முடிவுக்கு நான் பாஸ் மார்க் போடுவேன். கண்ணம்மா சட்டென்று மன்னித்துவிடாமல் இழுத்தடித்ததற்காகவே ஐந்து மார்க் கூட்டியும் போடலாம். டாக்டர் கதையாக அது பெயில். அடுத்த டாக்டர் தொடருக்குக் கடைசி எபிசோடு எழுதப்போகிறவர்களிடம் ஒரு கோரிக்கை: கல்யாண மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு காட்சியிலாவது அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரை விசாரணை மேஜைக்கு முன்னால் உட்காரவையுங்கள்.