தாராசுரம் திருத்தொண்டர் சிற்பங்களில் காட்சிவழிச் சிந்தனை

ஆய்வுச்சுருக்கம்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் திருத்தொண்டர் சிற்பங்கள் ‘கல்லில் வடித்த பெரியபுராணம்’ என்று பாராட்டப்படுவதுண்டு. அப்பாராட்டு சிற்பியைச் சேக்கிழாரின் மொழிபெயர்ப்பாளராக்கி விடுகிறது. சிற்பி சொல்லைக் கல்லுக்கு மாற்றியவர் அல்லர், காட்சியாகவே சிந்தித்தவர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தாராசுரம், பெரியபுராணம், புடைப்புச் சிற்பம், சிலேடை, காட்சிச் சிந்தனை

முன்னுரை

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் (ஏறத்தாழ 1146–1173) எடுப்பித்த இக்கோயில், கல்வெட்டுகளில் இராசராசேச்சரம் எனப்படும். 2004இல் இது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் அடியார் வரலாறுகள் சிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசைபெற்றுள்ளன. அவற்றோடு பெயர்க்குறிப்புகளும் பொறிக்கப்பட்டுள்ளன. எச்சிற்பம் எவ்வடியாரைச் சுட்டுகிறது என்னும் அடிப்படைப் பணிக்குக் குடவாயில் பாலசுப்ரமணியன் முதலிய ஆய்வாளர்கள் பெரும்பங்காற்றியுள்ளனர்.

சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர் எனக் கொண்டால், நூலுக்கும் கோயிலுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி இல்லை. இந்நெருக்கத்தால் சிற்பத்தை நூலுக்குரிய விளக்கப்படமாகக் காணும் பழக்கம் வேரூன்றியது. அதன்படி, சிற்பம் நூலோடு பொருந்தினால் சான்றாகிறது, விலகினால் பிழையாகிறது. சிற்பி என்ன எண்ணினார் என்ற வினா எழுவதேயில்லை.

பெயரும் காட்சியும்

சுந்தரரின் திருத்தொண்டத்தொகை பெரிதும் பெயர்களின் தொகுப்பு. நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி அப்பெயர்களுக்குச் செயல்களைச் சேர்த்தது. சேக்கிழார் அச்செயல்களைக் காப்பியமாக விரித்தார். தாராசுரச் சிற்பியோ மீண்டும் பெயருக்கே திரும்புகிறார். கல்லில் எழுத்தாக நிற்பவை பெயரும் மிகச் சில சொற்களுமே. விரிவு முழுவதும் உருவங்களின் நிலை, இடைவெளி, நோக்கு ஆகியவற்றிடம் விடப்பட்டுள்ளது. ஆதலின் இச்சிற்பத்தொகுதி புராணத்தின் சுருக்கம் அன்று. தொகையிலிருந்து கிளைத்த மற்றொரு விரிவு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஓர் உருவில் இரு பொருள்

இச்சிற்பிகளின் சிந்தனை முறைக்குத் திறவுகோல் அக்கோயிலிலேயே உள்ளது. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பம் அது. யானையின் உடலை மறைத்தால் காளை தெரியும். காளையின் உடலை மறைத்தால் யானை தெரியும். சொல்லணியில் இதற்கு நிகர் செம்மொழிச் சிலேடை. தொடரைப் பிரிக்காமலேயே அங்கு இருபொருள் பிறக்கிறது. இங்கும் தலை பிளவுபடவில்லை. எனினும் சிலேடையை விளக்க உரையாசிரியர் ஒரு பொருளைக் கூறி, பின்னர் மற்றதைக் கூற வேண்டும். கல்லில் இரண்டும் உடனிருக்கின்றன.

காளை சிவனின் ஊர்தி, யானை இங்கு வழிபட்ட ஐராவதம் எனத் தலபுராணம் கொண்டு பொருளுரைப்பது எளிது. ஆனால் கல்வெட்டு வழங்கும் பெயர் இராசராசேச்சரமே என்பதால், அவ்விளக்கத்தை உறுதியாகக் கொள்ள இயலாது. அது இல்லாமலும் உருவின் சிந்தனை முழுமையாகவே இருக்கிறது.

முதலைவாய்ப் பிள்ளை

இதே முறை கதைச் சிற்பத்திலும் தொழிற்படுகிறது. அவிநாசியில் முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட நிகழ்ச்சி பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கத்தில் வருகிறது. முதலை உண்டதையும், ஆண்டுகள் கழிந்ததையும், பிள்ளை மீண்டதையும் சொல் ஒன்றன்பின் ஒன்றாகவே கூற முடியும். தாராசுரச் சிற்பத்தில் முதலையின் வாயில் பிள்ளை இருக்கிறான். உட்செல்கிறானா வெளிவருகிறானா என்று அவ்வுருவம் மட்டும் கூறாது. விழுங்குதலும் உமிழ்தலும் ஒரே வடிவம். சுந்தரரின் இருப்பே அதனை மீட்சியாக்குகிறது. இழப்பின் உருவமே அருளின் உருவமாக மாறுவதைச் சிற்பி கண்டுகொண்டார். நூலைப் படம்பிடித்ததால் மட்டும் விளைந்த கருத்தன்று இது.

காலம் கவிதைக்குரியது, இடம் ஓவியத்திற்குரியது என லெஸ்ஸிங் 1766இல் ‘லாவகோன்’ நூலில் வகுத்தார். தாராசுரச் சிற்பி அவ்வரையறைக்குள் நின்றே, ஓர் இடத்தில் இரு காலங்களை அமர்த்திவிடுகிறார்.

எல்லைகள்

காட்சிச் சிந்தனைக்குக் குறைகளும் உண்டு. கைகூப்பி நிற்கும் அடியார் இன்னார் என்பதைக் கூப்பிய கை சொல்லாது. அதற்குப் பெயர்க்குறிப்பே வேண்டும். ‘செய்யாமை’யைக் காட்டுவதும் உருவத்திற்கு அரிது. திருநீலகண்டரும் மனைவியாரும் ஒரே இல்லத்தில் ஒருவரையொருவர் தீண்டாது வாழ்ந்த ஆண்டுகளை எந்தக் கல்லும் நேரே காட்டாது. ஆயினும் அவ்வரலாற்றில், மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பற்றிக்கொண்டு இருவரும் குளத்தில் இறங்குகின்றனர். இருவருக்கும் இடைப்பட்ட விலக்கை அத்தண்டு கண்முன் நிறுத்துகிறது. சொல்லால் எழுதிய சேக்கிழாரும் காட்சியால் சிந்தித்தவரே என்பதற்கு இது சான்று. எனவே சொல்லையும் காட்சியையும் மூலம், படி என உறவுபடுத்துவது இரு கலைஞர்க்கும் குறையாகும்.

முடிவுரை

பெயர்க்குறிப்பு தேய்ந்தால் அடியாரின் அடையாளம் மறையும். உருவம் தேய்ந்தால் அவரைப் பற்றிய சிந்தனையே மறையும். இச்சிற்பங்களை ஆவணப்படுத்துவோர் எழுத்தைப் படியெடுக்கும் கவனத்துடன் உருவங்களின் இடைவெளியையும் திசையையும் பதிவுசெய்தல் வேண்டும். வகுப்பறையிலும் பெரியபுராணத்திற்குச் சான்றாக மட்டும் இவற்றைக் காட்டாமல், நூலோடு உரையாடும் மற்றொரு பனுவலாகக் கற்பித்தல் தகும். அப்போது நூலிலிருந்து விலகும் இடங்கள் பிழைகளாக அன்றி, சிற்பியின் கருத்து வெளிப்படும் இடங்களாகப் புலப்படும்.